பன்னிரண்டு கோப்பையும் ஒரு கேத்தலும்

கொழும்பு வெள்ளவத்தையில் அன்வர் சேரின் கம்பியூட்டர் ஒஃபிஸில் தேநீர் போடுவதும் கோப்பை கழுவுவதும் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடதாசித் துண்டு வாசிக்கவும் மணிக்கூடு பார்க்கவும் தெரியும். அதிகம் கதைக்க மாட்டேன். யுத்த காலம்; கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். சேர் மாதாமாதம் தரும் வேலைக் கடிதத்தைப் பொலிஸில் காட்டினால்தான் லொட்ஜில் என்னை வைத்திருப்பார்கள்.

அப்போது ஒருகொடவத்தையில் உள்ள ஒரு கொன்டெய்னர் யார்டுக்காக வேலை நடந்தது. லொறி எப்போது வரும், கிரேன் எப்போது ஓயும் என்று ஒரு மாதத்தைக் கம்பியூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் புரோகிராம். எழுதியவர் சுகந்தி மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. காலையில் ஓடவிட்டால் பின்னேரமாகியும் முதல் வாரமே முடியாது.

“வெள்ளிக்கிழம யார்ட்காரங்க வாறாங்க. இது ஓடாட்டி இந்தப் பகுதிய மூடுறதுதான்,” என்றார் சேர். மூடினால் என் கடிதமும் போய்விடும்.

வியாழன் காலை மிஸ் மேசை நிறையக் கடதாசித் துண்டுகளைப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம், ஒரு நேரம்: ‘லொறி 14, கேற், 9.40.’

“எங்க இழுபடுதெண்டு கையால செய்து பாப்பம். எல்லாத்திலயும் முந்தினதை எடுத்துத் தாங்கோ, அக்கா.”

நான் எடுத்துக் கொடுப்பேன். அதனால் பிறகு நடக்கப்போவதை மிஸ் புதுத் துண்டில் எழுதி மேசையில் போடுவார். ஒவ்வொரு முறையும் மேசை முழுக்கத் தேட வேண்டும். கண் எரிந்தது.

மிஸ் சாப்பிடப் போன நேரம் கோப்பைகளை எடுத்து வந்தேன். யார்ட் வேலை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. எங்களிடம் இருந்தது பன்னிரண்டு கோப்பை. மணிக்கு ஒன்றாக வரிசையில் வைத்து, துண்டுகளை அதனதன் மணியில் போட்டேன். நாளைக்கு உரியவற்றைக் கேத்தலைத் துடைத்து அதற்குள் போட்டேன். பத்து மணிக் கோப்பை மட்டும் பொங்கி வழிந்தது. செக்பொயின்ற் திறந்ததும் லொறிகள் ஒன்றாய் வந்து சேரும் நேரம் அது. பக்கத்தில் மூன்று சோசர் வைத்து, கோப்பையோடு நாலாக, கால்மணிக் கணக்கில் பிரித்தேன்.

சேர் வந்தார். “தங்கச்சி, டீ எங்க?”

“கோப்பை இல்லை, சேர்.”

“கேத்தலோடயே தாங்க.”

“அதுக்குள்ள நாளைக்கு வாற லொறி, சேர்.”

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். “அப்ப நாளைக்கே குடிக்கிறேன்.”

மிஸ் திரும்பி வந்து தொடங்கினார். அவர் கேட்குமுன்னமே துண்டை நீட்டினேன்.

“எப்பிடி அக்கா இவ்வளவு கெதியா?”

கோப்பைகளைக் காட்டினேன். மிஸ் சோசர்களைப் பார்த்தார், கேத்தலுக்குள் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“நான் ஒரு விசரி. என்ர புரோகிராமும் ஒவ்வொருக்காலும் முழு மேசையையும் எல்லோ தேடுது.”

புரோகிராமும் சம்பவங்களை அதனதன் மணியில் போட்டு வைக்கும்படி அன்றே மாற்றி எழுதினார். வெள்ளிக்கிழமை யார்ட்காரர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடி முடிந்தது. கோப்பைகளை நான் இரண்டு தரம் கழுவியிருந்தேன்.

அந்த மாதக் கடிதத்தில் சேர் என்னைக் ‘கம்பியூட்டர் உதவியாளர்’ என்று எழுதிவிட்டார். கம்பியூட்டரில் என்ன செய்கிறாய் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். “கோப்ப ஹோதனவா, மாத்தயா,” என்றேன். கோப்பை கழுவுகிறேன், ஐயா என்று. சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அடுத்தது எதுவென்று அறிய இருப்பதையெல்லாம் கிளற வேண்டாம். வரும்போதே அதனதன் மணியில் போட்டு வையுங்கள். முதலாளிக்கு மட்டும் ஒரு கோப்பையை மிச்சம் விடுங்கள்.