ரசாயனம் துளியும் இல்லாத நலங்கு

கிள்ளான் பக்கம் மேருவில் இருந்த அந்தச் சந்தனக் கிரீம் கம்பெனியை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. அங்கே என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த இராஜம்மாவைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை, நானே எழுதுகிறேன்.

டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பிள்ளை இல்லை. அண்ணன் மகள் புஷ்பவல்லிதான் அவளுக்கு எல்லாம். அண்ணி வேலைக்குப் போன காலத்தில் அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தவள் இவள். "அவளுக்கு நலங்கு வைக்கறப்போ மொத கை என் கைதான்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அத்தைக்குரிய உரிமை அது.

கம்பெனியில் கிரீமுக்குள் மருந்து ஊற்றிக் கிளறுவது அவள் வேலை. மருந்து என்றால் பார்மலின். பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் செத்த தவளையைக் கெடாமல் வைத்திருப்பார்களே, அதே சாமான். கிரீம் கெடாமல் இருக்க ஏதோ ஒரு மருந்து வேண்டும்தான், அதை நான் குறை சொல்லவில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று தெரிந்தவன் போடவேண்டும். எங்கள் முதலாளி வேலாயுதத்துக்கு ஒரு மழைக்காலத்தில் டப்பாக்கள் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தன. அதன் பிறகு அங்கே அளவு என்று ஒன்றும் கிடையாது. "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார், அவ்வளவுதான்.

கையுறை கேட்டோம். "கிளவுஸ் போட்டா வேலை ஸ்லோவாகும் லா" என்றார். டப்பாவில் மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்: முற்றிலும் இயற்கை, ரசாயனம் துளியும் இல்லை. படுபாவி.

இராஜம்மாவின் விரல்கள் வெடித்தன. தோல் உரிந்து, நீர் கோத்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். வேலையை விடச் சொன்னேன். புஷ்பவல்லி கல்யாணம் முடியட்டும் என்றாள்.

எண்பத்தாறில் அந்தக் கல்யாணம் வந்தது. நலங்கன்று நானும் போயிருந்தேன். முன்பெல்லாம் மஞ்சளும் சந்தனமும் அரைத்து வைப்பார்கள். அன்று தாம்பாளத்தில் எங்கள் கம்பெனி டப்பா உட்கார்ந்திருந்தது. அரைக்கிற வேலை மிச்சம், வாசனையும் தூக்கல் என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள்.

இராஜம்மா பதறிப் போனாள். "அண்ணி, இது வேணாம். இதுல நான்தான் மருந்து ஊத்துறேன்."

"ஒன்னும் கலக்கலன்னு டப்பாவுலயே போட்டிருக்கே, பார்க்கலயா?"

"பொய், அண்ணி."

"ஒன் கைய பாரு மொதல்ல. இந்தக் கையோட கல்யாணப் பொண்ண தொடப் போறியா? தள்ளிப் போ, ஏதாச்சும் ஒட்டிக்கப் போவுது."

அத்தனை பெண்கள் நடுவில் சொன்னாள். இராஜம்மா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து பெண்ணின் கன்னத்திலும் கையிலும் கிரீமை அப்பினார்கள். எத்தனை கை, எத்தனை பூச்சு! ஆரத்தி முடியும்வரை அதைக் கழுவவும் விடவில்லை.

மத்தியானத்துக்குள் புஷ்பவல்லியின் முகம் சிவந்து வீங்கி, கண் இரண்டும் இடுங்கிவிட்டன. எரியுது எரியுது என்று அந்தப் பெண் அழுதாள். அண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? இராஜம்மாவின் வியாதி ஒட்டிக்கொண்டதாம். பெண்ணை ஒரு விரலால்கூடத் தொடாதவள் மேல் பழி. மறுநாள் புஷ்பவல்லியை வீங்கிய முகத்தோடு பவுடர் பூசி மணவறையில் உட்கார வைத்தார்கள். இராஜம்மாவை மண்டப வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். மேசையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்துத் திறந்துகொண்டு நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"பாஸ், கொஞ்சம் பூசிக்குங்க."

"என்னாத்துக்கு? போய் வேலைய பாரு."

"ரசாயனம் இல்லன்னு நீங்கதான போட்டிருக்கீங்க. பூசிக்குங்க."

வேலாயுதம் ஓரடி பின்வாங்கினார். இராஜம்மா அந்த வெடித்த விரல்களால் கிரீமை அள்ளி, நலங்கு வைப்பது போலவே அவருடைய இரண்டு கன்னத்திலும் நிதானமாகத் தடவினாள். அவர் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டே சோப்பு, சோப்பு என்று கத்தினார்.

சோப்பு எங்கள் மேசையில்தான் இருந்தது. ஒருத்தியும் எடுத்துக் கொடுக்கவில்லை.