ஆம்பூரில் தினமும் பதினோரு மணிக்குக் கம்மி ஜாஸ்தி

ஆம்பூருக்குப் பிரியாணிக்காகப் போகிறவர்கள் உண்டு. ஏலகிரி போகும் வழியில் இறங்கி ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் போனது ஒரு ஷூ கம்பெனிக்கு மார்க் போட. இந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், மூன்று நாள். வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதில் வரும் மேலாளர் படித்துப் பார்த்து, "போடுங்க சார்" என்ற பிறகுதான் இணையத்தில் ஏற்றுகிறேன்.

மார்க் என்றால் என்ன மார்க் என்று கேட்பீர்கள். ஒரு நிறுவனம் புதுப் பொருளையோ சேவையையோ உருவாக்கும் விதம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பதை ஐந்து படிகளில் அளக்க ஒரு முறை இருக்கிறது. முதிர்ச்சி நிலை என்பார்கள். முதல் படியில் எல்லாம் ஆளை நம்பி ஓடும். கெட்டிக்காரர் ஒருவர் லீவு போட்டால் வேலை படுத்துவிடும். இரண்டாம் படியில் ஒவ்வொரு குழுவும் தன் வேலையைத் திட்டமிட்டு, தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும். மூன்றாம் படியில் ஒரு குழு கற்றுக்கொண்டது மற்ற குழுக்களுக்கும் போய்ச் சேரும். நாலும் ஐந்தும் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம், சத்தியமாகத் தூக்கம் வரும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆம்பூருக்கு ரயிலில் சுமார் 180 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பதிவு செய்த இருக்கைக்கு எனக்கு நூறு ரூபாய் சொச்சம் ஆனது. காட்பாடியில் பாதி வண்டி காலியாகிவிடும், வேலூர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கால் நீட்டி உட்காரலாம். என்னோடு மதிப்பீடு செய்ய வேண்டிய கிரீஷ், பெங்களூர்க்காரர், ஜோலார்பேட்டை வழியாக எதிர்த்திசையிலிருந்து வந்து எனக்கு முன்பே பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். அவருடைய தமிழ், சினிமா பார்க்கும் அளவுக்கான தமிழ். நான் திருநெல்வேலிக்காரன். ஆக, அந்த ஊர்ப் பேச்சு இரண்டு பேருக்குமே சொந்தமில்லை. கிரீஷுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டு எண்பதுக்கு இறங்கினார். கம்பெனிப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், ஆடிட்டா?"

"கிட்டத்தட்ட."

"போன வாரமே காம்பவுண்டு செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சாங்க. யாரோ வர்றாங்கன்னு அப்பவே நெனச்சேன்."

பெயிண்ட் வாசனை இன்னும் இருந்தது. அதையும் மீறித் தோல் வாசனையும் இருந்தது. அதைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை இல்லை என்பதால் நான் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நாங்கள் மதிப்பிட வேண்டியது மாடியில் இருந்த மாதிரிப் பிரிவை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு புது டிசைன் அனுப்பினால், அதை முதன்முதலில் ஷூவாகச் செய்து காட்டும் இடம். வராண்டாவின் ஒரு பக்கம் பெண்கள் ஷூ அறை, எதிர்ப்பக்கம் ஆண்கள் ஷூ அறை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மேலாளர். பெயர் எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும். காபி கொடுத்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மூணாவது லெவல் வேணும் சார். இல்லன்னா இந்த செக்‌ஷன மெட்ராஸ் ஆபீசுக்கு மாத்திடுவாங்க, ஷூ வாங்கற பையர் சொல்ட்டாரு. வீட்டுக்காரரு வேலூர்ல நர்ஸு. பசங்க ஸ்கூலு இங்க. என்னால போவ முடியாது. இங்க இருக்கறவங்க ஒருத்தராலயும் போவ முடியாது."

மதிப்பீட்டாளரிடம் இப்படிச் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு தலையாட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நான் காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

பிற்பகலில் நேர்காணல்கள். மேலாளர் இல்லாமல் வேலை செய்கிறவர்களை மட்டும் குழுவாக உட்காரவைத்துக் கேட்பது முறை. முதலில் பெண்கள் ஷூ அறை. ஷமீம் என்று ஒரு சூப்பர்வைசர், வெண்கலத் தொண்டை, அவர் பேசினால் தையல் மெஷின் சத்தம் அடங்கிப்போகும். நான் கொஞ்சம் ஊர்ப்பேச்சில் கேட்போமே என்று, அளவில் வித்தியாசம் வருமா என்பதற்குப் பதிலாக, "இங்க கம்மி ஜாஸ்தி உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"டெய்லி உண்டு சார்," என்றார் ஷமீம். "ஒரு நாளு கூட வுட்டதில்ல."

எல்லாரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? ஆரம்பிக்கறதே அவங்கதான்."

ஆண்கள் ஷூ அறையிலும் அதே கேள்வி, அதே பதில், அதே பெருமை. கிரீஷ் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். தினமும் அளவு மாறுகிறது, மேலாளருக்கும் அதில் பங்கு என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நம்ப முடியாமல் இரண்டு முறை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். அன்று இரவு லாட்ஜில் (இருவருக்கு 1,400 ரூபாய், வெந்நீர் காலை ஏழு வரை மட்டும்) எஸ்தரை நினைத்து எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பெண்மணி இப்படிச் செய்யலாமா என்று கோபம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதற்கட்ட முடிவுகளை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். தவறிருந்தால் அவர்கள் மறுக்கலாம், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நான் வாசித்தேன்: "மாதிரிகளின் அளவில் தினமும் கம்மி ஜாஸ்தி நடக்கிறது. மேலாளரே அதைத் தொடங்கிவைக்கிறார் என்று இரு அறையினரும் ஒப்புக்கொண்டார்கள்."

எஸ்தர் என்னைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். ஷமீம் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ சார்! அது மீட்டிங்கு சார்!"

அதன்பின் அந்த அறையில் எழுந்த சிரிப்பை நான் மறக்கப் பல வருடம் ஆகும். கிரீஷுக்கு விஷயத்தை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது இன்னொரு தண்டனை. அவரும் சிரித்தார். கன்னடத்தில் வேறு ஏதோ சொன்னார், அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்கு அவர்களே எங்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள். பெண்கள் ஷூ அறையில் எல்லாரும் முந்தைய நாள் செய்த ஷூவைச் சுற்றி நின்றார்கள். நாற்காலி கிடையாது, பேப்பர் கிடையாது. ஆளுக்கு ஒரு கம்மி, ஒரு ஜாஸ்தி சொல்ல வேண்டும். ஷூவைப் பற்றி இருக்கலாம், பக்கத்தில் நிற்கிறவரின் வேலையைப் பற்றியும் இருக்கலாம். எஸ்தர் தொடங்கினார். அடுத்து ஷமீம் எஸ்தரிடமே திரும்பி, "உங்க அவசரம் ஜாஸ்தி மேடம், தோலு வர்றதுக்கு முன்னாடியே கட்டிங்க போட்டு நெருக்கறீங்க," என்றார். சொல்லப்பட்டவர் பதில் வாதம் செய்யக் கூடாது. "எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எஸ்தர் எடுத்துக்கொண்டார். பதினைந்து நிமிடத்தில் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. தவறிலிருந்து கற்பது பற்றி நான் இருபது வருடமாக வகுப்பெடுத்து வருகிறேன். இவ்வளவு சுத்தமாக எங்கும் பார்த்ததில்லை, பொறாமையாகக்கூட இருந்தது.

எதிரே ஆண்கள் ஷூ அறையில் பதினொன்றரைக்கு. அங்கே மேஜை மேல் கிடந்த நாலு ஜோடி ஷூவும் வீண். புதிதாக வந்த மெல்லிய தோல், கால் வடிவ அச்சில் ஏற்றி இழுத்தபோது எதிர்பார்த்ததைவிட நீண்டு, முன்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தது. எதனால் என்று அவர்கள் குழம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் கிரீஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே தோல், அதே நீட்சி, அதற்காகப் பேட்டர்னைக் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டும் என்று பெண்கள் ஷூ அறையில் சில வாரம் முன்பே கண்டுபிடித்ததாக ஷமீம் சற்று முன்புதான் எங்களிடம் சொல்லியிருந்தார். இரண்டு அறைக்கும் நடுவே பத்தடி வராண்டா.

எஸ்தரைத் தனியாகக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"அந்த ரூம் பேச்சு இந்த ரூமுக்குப் போவக் கூடாதுன்னு மொத நாளே பேசி வச்சிக்கினோம். அது இருக்கறதாலதான் ஷமீம் என்ன மூஞ்சிக்கு நேரா கேக்குது. லேடீஸ் பக்கம் பண்ண தப்ப ஜென்ட்ஸ் பக்கம் சொன்னா கோள் மூட்டறதாத்தானே ஆவும்? ஒரு தடவ வெளிய போச்சின்னா அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் ஒரு குழு கற்றது அடுத்த குழுவுக்குப் போய்ச் சேர்வதுதான் மூன்றாம் படி, வேறொன்றுமில்லை. அவர்களைப் பேசவைத்த அதே ஏற்பாடுதான் அவர்களை இரண்டாம் படியில் நிறுத்தியிருந்தது. நானும் கிரீஷும் இரண்டு மணி நேரம் பேசினோம். தப்பிக்க வழி இருக்கிறதா என்று தேடியது நான். இல்லை என்று ஒவ்வொரு முறையும் காட்டியது அவர். மாலை நான்கு மணிக்கு இரண்டாம் நிலை என்று அறிவித்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது, வருத்தத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

ராத்திரிக்குள் ஒரு செய்தி வந்தது. பையர் ஒரு சீசன் பொறுப்பாராம். அதற்குள் வேறு குழு வந்து மறுபடி மதிப்பிடும். அப்போதும் கிடைக்காவிட்டால் பிரிவு சென்னைக்குப் போய்விடும், பேச்சே இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைக்குள் முன் அனுமதி இல்லாமல் யாரையும் விடமாட்டார்கள், வாசலில் நின்று கெஞ்ச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். பிரியாணி பகல் ஒரு மணிக்குள் சாப்பிடுவது நல்லது, கூடவே வைக்கும் கத்தரிக்காயை ஒதுக்காதீர்கள். தட்டு 220 ரூபாய் கொடுத்தேன், இரண்டு பேர் சாப்பிடலாம். பாதி நாள் மிஞ்சினால் வேலூர் போகும் பஸ்ஸில் ஏறி விரிஞ்சிபுரத்தில் இறங்கிக் கோயிலைப் பார்க்கலாம், நாங்கள் அப்படித்தான் திட்டம் போட்டோம், போகவில்லை. வேலைக்காகப் போகிறவர்கள், அங்கே கேட்கும் சொல் உங்கள் ஊரில் என்ன பொருளோ அதே பொருள்தான் என்று நம்பிவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இனி அப்படித்தான் செய்வேன்.

விரிஞ்சிபுரம் போகாததற்குக் காரணம், மூன்றாம் நாள் காலை சில கையெழுத்துகளுக்காக மறுபடி கம்பெனிக்குப் போனதுதான். முடித்துக் கிளம்பும்போது பதினோரு மணி ஆகியிருந்தது. எஸ்தர் இரண்டு அறையினரையும் பெண்கள் ஷூ அறையில் ஒன்றாக நிற்கவைத்திருந்தார். நாற்பது பேர் இருக்கும், இடம் போதாமல் சிலர் கட்டிங் மேஜை மேல் சாய்ந்து நின்றார்கள். நாங்களும் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சார், கிளம்புங்க. நீங்க இருந்தா ஒருத்தரும் பேச மாட்டாங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வராண்டாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே சத்தமே இல்லை. ஷமீமின் குரல்கூட எழவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கிரீஷ் என்னிடம் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். இரண்டு அறைகளையும் ஒன்றாக நிறுத்தியதோடு, இருந்ததும் போய்விட்டதென்றே நானும் நினைத்தேன். படியில் கால் வைத்தபோது எஸ்தரின் குரல் கேட்டது.

"சரி, மொதல்ல என் கம்மி. ஜென்ட்ஸ் பக்கம் எல்லாரும் கேளுங்க. அந்தத் தோலு நீளும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சே நாலு ஜோடியும் வீணாவறத பாத்துக்கினு நின்னேன்."