வளையப் பூட்டு

கற்பிட்டிக் கரையில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் மீன்பிடிகார நானாவுக்குச் சாப்பிடப் பாண் வெட்டிக் கொடுக்கிறேன். என் மடக்குக் கத்தியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருகிவிட்டால் விரித்த அலகு மடங்காது, மடித்த அலகு விரியாது. பெருமையாகத்தான் காட்டுகிறேன்.

நானா அதை மடித்து, வளையத்தைத் திருகித் திருப்பித் தருகிறார்.

"ஒத்தக் கையால தொறங்க, பாப்போம்."

பெருவிரலால் நெம்பிப் பார்க்கிறேன். வளையம் அசையவில்லை. மற்றக் கையைக் கொண்டுபோகிறேன். அவர் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொள்கிறார்.

"என்ட தம்பியும் இப்படி ஒண்டுதான் வச்சிருந்தான். வலை அவன இழுத்து, கடலுக்குள்ள விழுந்து மௌத்தாப் போனான். அவனத் தூக்கி எடுக்கக்குள்ள கத்தி கையிலதான் இருந்திச்சு, பூட்டினபடி. மத்தக் கை வலைக்குள்ள மாட்டி."

என் கையை அவர் இன்னும் விடவில்லை.