கணுக்கால் நூல்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் என் அம்மா பெர்னதெத் செய்யும் முதல் வேலை, என்னை முக்காலியில் உட்காரவைத்துக் கணுக்காலை நூலால் அளப்பது. என் காலளவுக்கு வெட்டி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட வெள்ளை நூல். முடிச்சோடு முடிச்சு தொட்டால்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். பதினாறு வயதுப் பெண்ணை மாட்டுத் தரகன் மாதிரி பிடித்துப் பார்க்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்காவுக்கு யானைக்கால். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோய், கோவிலில்கூடத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தே பெரியம்மா காலத்தைக் கழித்தாள். அம்மா சமையல் செய்த வெள்ளைக்காரர் வீட்டுக்கு வந்த டாக்டர், அந்த நோய்க்குக் கொசுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவள் பேய்க்குப் பயப்படுவதை விட்டுவிட்டாள்.

சாயங்காலக் கோவில் மணி அடிப்பதற்குள் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாக வேண்டும். வேப்பிலைப் புகையில் கண் எரியும். சாக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுவாள். குடங்களுக்கெல்லாம் துணி கட்டுவாள். அந்த வெள்ளைக்கார எசமானி மதாம் கழித்துப்போட்ட கொசுவலையை வாங்கி வந்து ஒட்டுப்போட்டுத் தைத்தாள். அதில் ஒருவர்தான் படுக்கலாம். அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். வலைக்குள் நான், வெளியே பாயில் அவள். மாதத்தில் ஒருநாள் 'மேலுக்கு முடியல' என்று சுருண்டு கிடப்பாள். என்னவென்று நான் கேட்டதில்லை.

முப்பத்தாறாம் வருஷம், மழைக்குப் பிறகு, எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பல் தந்தியடித்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அம்மா தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யானைக்கால் அப்படித்தான் தொடங்குமாம். அவள் தடவத் தடவ எனக்கும் பயம் பிடித்தது.

மூன்றாம் நாள் கொம்யூன் நகராட்சி ஆபீசிலிருந்து சுகாதார வேலையாள் கலியமூர்த்தி வீடுவீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தொட்டி, குடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுலியே ஒங்க வூடுதாம்மா சுத்தம்" என்றார். என் தலைமாட்டில், மாதா படத்தடியில் இருந்த பானையை எட்டிப் பார்த்தவர் இன்னும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

அது வில்லியனூர் லூர்து மாதா குளத்துத் தண்ணீர். திருவிழாவுக்குப் போனபோது கொண்டுவந்தது. குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீர் சேர்த்து வைப்பாள். மாதா தண்ணீருக்கு வாய் கட்டுவார்களா என்று அதை மட்டும் மூடவே இல்லை. மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்று என் வலையையும் அதன் பக்கத்திலேயே கட்டியிருந்தாள்.

"கொசுப்புழு நெளியுதும்மா. சாமி தண்ணி, நான் தொடமாட்டேன். நீங்களே ஊத்திடுங்க."

அம்மா ஓடிவந்து பானைக்குள் பார்த்தாள். "எம்புள்ளயக் கடிக்கறதுக்கு நானே வளத்தனா?"

சாக்கடையில் ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கொல்லையில் முருங்கையடிக்குக் கொண்டுபோய், மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த மண்ணில் ஊற்றினாள்.

காய்ச்சல் விட்டது. ஆனால் ஞாயிறு வரை அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து வந்ததும் நூலை எடுத்தாள். முடிச்சு தொட்டது. என் பாதத்தின் மேல் முகத்தை வைத்து அழுதாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, "ஒங் காலக் காட்டும்மா" என்று நூலைப் பிடுங்கினேன்.

"வேலயப் பாருடி" என்று காலை இழுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. இடது காலில் முடிச்சோடு முடிச்சு தொட ஒரு விரற்கடைதான் குறைந்தது. வலது காலில் நாலு விரல். தோல் தடித்து, அழுத்தினால் குழி விழுந்தது.

மாதாமாதம் அவள் சுருண்டு கிடந்தது எதனால் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் திடுக்கிடவே இல்லை. புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"எப்பலேருந்தும்மா?"

"போன வருசத்துலேருந்து. கத்தாத, பக்கத்து வூட்டுல கேக்கும். ஒனக்கு மாப்புள பாக்கணும்." நூலை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள். "ஒனக்கு இல்லல்ல? அது போதும்."

அன்றைக்குச் சாயங்கால மணி அடிக்குமுன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தியது நான்தான்.