வாசலில் பிரித்துப் போட்ட பிக்கப்

பழைய பிக்கப்பை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டுகிற தொழிலில், வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் ஒருவன்தான். மேலே நின்று யோசனை சொல்வதற்குத் தெருவே இருக்கிறது.

உங்கள் வாசலிலும் ஒரு வண்டி கட்டைமேல் நின்றுகொண்டிருந்தால், சாப்பிடும்போது சோற்றில் டீசல் மணந்தால், நாம் ஒரே சாதி. என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி ஆலைகளின் வாசலில் கொடி பிடித்தே தலை நரைத்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது; மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில். எங்கள் சங்கத்துப் பிரச்சார வேன் ஓடியதைவிட நின்றது அதிகம். அதைத் தள்ளியும் பிரித்தும் கற்றதுதான் என் மெக்கானிக் படிப்பு. நாங்கள் வாங்கிக் கொடுத்த போனஸில் வீடு கட்டியவர்கள் இன்று என்னை எதிரே கண்டால் செல்போனை எடுத்துப் பார்க்கிறார்கள். போகட்டும்.

என் மகள் செம்மலர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு, கிழட்டு டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி வந்தாள். பசுவந்தனைப் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு வாக்கும் கொடுத்திருந்தாள். இந்த மகசூலுக்குப் பாசிப்பயறைக் களத்திலேயே தரகரிடம், அவர் சொன்ன விலைக்குத் தள்ள வேண்டாம், நானே ஏற்றிக் கோவில்பட்டிச் சந்தையில் இறக்குகிறேன் என்பது அந்த வாக்கு. வண்டிக்கோ எஃப்.சி. முடிந்திருந்தது. அந்தத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்காமல் ரோட்டில் ஏறக் கூடாது. பாசிக் காய் கறுத்துவிட்டால் செடியில் காத்திருக்காது, வெடித்துச் சிதறும். அதற்குள் வண்டி தேறாவிட்டால் மூட்டை தரகர் லாரிக்கு, மகள் வாக்கு காற்றுக்கு.

பெட்டி அட்டை

முதலில் டாப்பெட். எஞ்சினில் வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே நூலளவு இடைவெளி வேண்டும். அதை அளக்கக் கடையில் தகடு விற்கிறார்கள். எனக்கு எதற்கு? பிரச்சார வேனுக்குத் தீப்பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகித்தான் அளவு வைப்போம். அப்படியே இதற்கும் வைத்தேன். காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. எனக்கு ஒரே பெருமை. சூடேறியதும் இழுவை போய்விட்டது. அணைத்தால் மறுபடி கிளம்பவில்லை. டீசலைத் திட்டினேன். ஃபில்டரை மாற்றினேன். டீசல் தெளிக்கிற நாசிலைக் கழற்றிக் கழுவினேன். ஒன்றும் நடக்கவில்லை.

இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது என்பது எனக்குத் தெரியும். இப்போது வருகிற தீப்பெட்டி அட்டை பழைய கனம் இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் மண்டை வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம், எங்கள் சங்கத்தில் இருந்த பெட்டி ஒட்டுகிற பெண், கீழே கிடந்த கிழிசலை எடுத்து இரண்டு விரலால் நிரடிப் பார்த்தாள்.

"மொதலாளி அட்டையை மெலிசாக்கிட்டான், பெட்டி நசுங்குது, அதுக்கு எங்க கூலியில பிடிக்கான்னு கேட்டு முன்னால நின்னு கத்துனது நீங்கதான் அண்ணாச்சி. அதே அட்டையை நம்பியா எஞ்சினுக்கு அளவு வச்சிருக்கீங்க?"

கடையை மூடிய பாய்

பின்பக்கம் சுமை தாங்குகிற வில்லுப் பட்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. புதியது அந்த மாடலுக்குக் கிடைக்காது. காதர் பாயின் பழைய இரும்புக் கடைதான் கதி. அந்தக் கடைக்குள் நுழைய எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஒரு வேலைநிறுத்த நாளில் அவர் கடைக் கதவை இறக்கச் சொல்லி முன்னால் நின்றவன் நான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இறக்கினார். முதலாளி வர்க்கம் பயந்துவிட்டது என்று அன்று மாலைக் கூட்டத்தில் பேசினேன்.

பாய் குவியலிலிருந்து ஒரு பட்டையை இழுத்துக் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளே கீறல் இருந்தால் ஓசை காட்டிக்கொடுக்குமாம்; ஓரமாக எறிந்தார். எனக்கு அது நன்றாகத்தான் தெரிந்தது. நாள் வேறு ஓடுகிறது. அதையே கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். வியாபாரிக்கு விற்பதில் என்ன வலிக்கிறது என்று குரலை உயர்த்தினேன். அவர் அடுத்ததைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னைக்கு நீங்க கடையை மூடச் சொன்னீங்க, ஞாயம் இருக்குன்னு மூடுனேன். இன்னைக்கு இந்தப் பட்டை வேண்டாம்னு நான் சொல்லுதேன், இதுலயும் ஞாயம் இருக்கு, செத்த பொறுங்க."

உட்கார்ந்த மண்

எஃப்.சி.க்குப் போகிற வண்டி பார்வையாக இருக்க வேண்டும் என்று நான்கு சக்கரத்துக்கும் தகரம் வெட்டி மட்கார்டு அடித்தேன். டயரை ஒட்டி, ஒரு விரல்கூட நுழையாதபடி, அச்சில் வார்த்த மாதிரி. தெருவே பாராட்டியது. முந்தின இரவு மழை பெய்திருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் கரிசல் காட்டுப் பாதை. மலர் அதில் வண்டியை இறக்கினாள். ஐம்பதடி போயிருக்கும். கரிசல் மண் டயரோடு சுருண்டு ஏறி, மட்கார்டுக்குள் புகுந்து கெட்டித்து, சக்கரத்தைப் பிடித்துவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

பசுவந்தனையிலிருந்து சுப்பையா அண்ணாச்சி அன்று வந்திருந்தார். மலர் வாக்குக் கொடுத்தவர்களில் முதல் ஆள். காய் பாதி கறுத்தாச்சு, தரகர் தினம் களத்துக்கு வந்து எட்டிப் பார்க்கிறார் என்று சொல்லத்தான் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலரோடு சேர்ந்து மண்ணைத் தோண்டினார். மலர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, என் அருமை மட்கார்டு நான்கையும் அங்கேயே கழற்றி, ஒரு சாண் உயரத்தில் மாட்டினாள். அண்ணாச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"கரிசலுக்கு உக்கார இடம் குடுத்தா எந்திரிக்காது. மறியலுக்கு ஆளுகளைக் கூட்டிட்டுப் போயி ரோட்டுல உக்கார வச்ச ஒங்களுக்கு இது தெரியாண்டாமா?"

மெதுவான குரல்

கடைத் தகட்டை வாங்கி டாப்பெட்டுக்கு மறுபடி அளவு வைத்த பிறகும், வண்டி நிற்கையில் எஞ்சின் குதித்துக்கொண்டே ஓடியது. வேகம் வைக்கிற திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவேன், கேட்பேன், அதில் பாதி பின்னால் திருப்புவேன். சாயங்காலம் ஒரு நேரத்தில் அந்தக் குதிப்பு அடங்கியது. எவ்வளவு அழகான சத்தம் தெரியுமா! ஆலைப் பெண்கள் குச்சி அடுக்கும்போது எழுகிற சத்தம் போல, சீராக, அவசரமில்லாமல். எத்தனை கைகள் மாறி, எத்தனை பேரிடம் உதை வாங்கிய எஞ்சின். மனிதனாக இருந்தால் என்னைப் போல் கசந்து போயிருக்கும். நான் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி கோமதி முறத்தோடு வெளியே வந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து இந்த வாசல்ல மெதுவாப் பேசுன முத ஆளு இதுதான்."

ஒரே ஒரு போன்

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஒரு காலத்தில் சங்கத்தில் என்னோடு ஒரு டீயைப் பாதியாக ஊற்றிக் குடித்தவர். இன்று பெரிய இடங்களில் பெரிய பெயர். பிரேக் டிரம்மைக் கழற்றி மடியில் வைத்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வயசுல இது தேவையா? நாளைக்கு ஒரு போன் போடுதேன், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகக்கூட வேண்டாம், சான்று வீட்டுக்கு வந்துரும்" என்றார். பதிலுக்கு, வரப்போகிற ஊர்வலத்துக்கு மைக் கட்ட வண்டி வேண்டுமாம்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் உடனே மறுக்கவில்லை. பின்பக்க பிரேக் இன்னும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. காயோ கறுத்துக்கொண்டிருந்தது. எத்தனை துண்டறிக்கை படித்திருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. மலர்தான் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். முகமெல்லாம் கறுப்பு.

"வேண்டாம் மாமா. போன் போட்டு வாங்குன சான்று பசுவந்தனை இறக்கத்துல பிரேக் பிடிக்காது."

டீக்கடையில் நான்

சோதனை நாள். வாகன அலுவலகத்து வாசலில் மலர் என்னை இறக்கிவிட்டாள். "நீங்க உள்ள வந்தா ஏதாவது ஒரு நியாயத்தைக் கேப்பீங்க. வண்டியை மட்டும் அவிய பாக்கட்டும்" என்று எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். எந்த அலுவலகத்துக்கு வெளியேயும் நான் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி வெளியே வந்தது. சான்று கிடைக்கவில்லை என்பது மலரின் முகத்திலேயே தெரிந்தது. என்னைத் திரும்பியும் பார்க்காமல் தெருக்கோடியை நோக்கிப் போனாள்.

பெண் ஓட்டிய வண்டி என்பதாலா, பழைய வண்டி என்பதாலா, எவருக்கும் எதுவும் கொடுக்காததாலா? டீ ஆறுவதற்குள் மனதுக்குள் ஒரு துண்டறிக்கையே தயார். 'உழைக்கும் மக்களே' என்ற தலைப்புகூட வைத்துவிட்டேன். எழுந்து வாசல்வரை போய்விட்டேன். அப்போது வண்டி திரும்பி வந்து, என்னைத் தாண்டி உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தபோது மலர் கையில் சான்று. பிரேக்கை ஆய்வாளர் தானே ஓட்டிப் பார்த்தாராம். கோடு போட்ட மாதிரி நின்றதாம். வலப்பக்க இண்டிகேட்டர் விளக்கில் பல்பு போயிருக்கிறது, மாற்றிவிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாராம். தெருக்கோடிக் கடையில் பல்பு வாங்கி, தானே மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறாள்.

சான்றை வாங்கி இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மலர் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"திட்டுறதுக்கு ஆள் கிடைக்கலன்னு மூஞ்சியத் தொங்கப் போடாதீங்கப்பா, ஏறுங்க. சுப்பையா மாமா களத்துல மூட்டையைத் தச்சு வச்சுட்டு நிக்காவ."

ஆயுள் முழுக்கக் கோரிக்கை வைத்தே வாழ்ந்த எனக்கு, ஒரு கோரிக்கை மிச்சமில்லாமல் நிறைவேறினால் அப்புறம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது பசுவந்தனை போய்ச் சேரும்வரை பிடிபடவே இல்லை.