பெயர் சொல்லிச் செய்த ஜெபம்

பிரியமான சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நாங்கள் ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் ஒரே மகன் சாமுவேல் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்தான். போன வருடம் மழைக்காலத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது. கூடப் படிக்கும் பெண் ஒருத்தி அவன் மேல் பாலியல் புகார் கொடுத்திருந்தாள். கல்லூரி பஸ்ஸில், வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொட்டானாம். விசாரணைக் குழு முன் வர வேண்டும், அந்தப் பெண்ணிடமோ அவள் வீட்டாரிடமோ யாரும் பேசக் கூடாது என்றார்கள்.

"நான் எதுவும் பண்ணலம்மா" என்றான். நம்பினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. படிப்பு போய்விடுமே என்று நானும் அவன் அப்பாவும் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தோம். பால் வாங்கப் போனால்கூட எதிரே வருபவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டில் உபவாச ஜெபம் வைத்தேன். எங்கள் சபையில் ஆட்களின் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்போம். அன்று அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னேன். "ஆண்டவரே, அவளோட பொய் நாவைக் கட்டும். உண்மைய வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்று கதறினேன். வந்திருந்த சகோதரிகள் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மேனாம்பேட்டிலிருந்து வரும் எஸ்தர் அக்கா என் முதுகைத் தடவி, "இன்னாத்துக்கு அழுதுகினு கீற? உம்புள்ளைய கர்த்தர் உட்டுடுவாரா?" என்றார். பிறகு அவரும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார்.

உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு சாமுவேல் வந்து நின்றான்.

"அவ பேரைச் சொல்லாதீங்க ஆன்ட்டி. அவ பொய் சொல்லல. நான்தான் பண்ணேன்."

ஜெபம் நின்றுவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு பொண்ணு பெத்தவ நானு. அந்தக் கொழந்தையப் போயி என் வாயால..." என்று எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. உண்மையைக் கேட்டவள் நான். என் வீட்டுக் கூடத்திலேயே, எல்லார் முன்பும் கர்த்தர் அதைக் கொடுத்துவிட்டார்.

குழு முன்பு சாமுவேல் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு வருடம் நீக்கி வைத்தார்கள், கவுன்சலிங் போகச் சொன்னார்கள். பழம் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வீட்டில் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று குழுவில் இருந்த மேடத்திடம் கேட்டேன். "போகாதீங்கம்மா. அது உங்க மனசு ஆறுறதுக்கு. உங்களைப் பாத்தா அந்தப் பொண்ணுக்கு மறுபடி அந்த நினைப்புதான் வரும்" என்றார். அதுவரை அவள் மனசை நான் நினைத்தே பார்க்கவில்லை.

சாமுவேல் இப்போது திருமழிசையில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். தண்டனை அதிகம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவனைப் புகாரிலிருந்து காப்பாற்றக் கேட்டேன். கர்த்தர் பொய்யிலிருந்து காப்பாற்றினார். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தால், முழங்கால் போடும் முன் பிள்ளையை உட்கார வைத்து நடந்ததைக் கேளுங்கள். உண்மை எதுவானாலும் கர்த்தர் கையில் கொடுங்கள். அவர் கைவிட மாட்டார்.

வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில் இன்றும் நடக்கிறது. அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறோம். அவள் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.