மாஸ்டர் லிப்ஸ்டிக் பழகினார்

கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, முழங்கையை மேஜையில் ஊன்றி, சுண்டுவிரலை மனைவியின் மோவாயில் முட்டுக்கொடுத்து, மேலுதட்டின் நடுப்பள்ளத்தில் லிப்ஸ்டிக்கை வைக்கிறார் மாஸ்டர். வைத்ததும் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

"மூச்சு விடுங்க. அடக்கினா கை நடுங்கும்," என்கிறார் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, உதட்டை அசைக்காமல், தொண்டையாலேயே.

"நீ பேசாதே. கோடு போயிடும்."

"நான் பேசாட்டி நீங்க மூச்சு முட்டிச் செத்துடுவீங்க."

வாசலில் அவருடைய பயிற்சிக் கார் நிற்கிறது. அன்றைய முதல் மாணவியான நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாடம் முடியட்டும் என்று காத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கைகள். சாவிக்கொத்து அந்த உள்ளங்கையில் காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட கையில் அந்தச் சின்னக் குழலைப் பார்த்தால், யானை தீக்குச்சி பிடித்திருப்பதுபோல இருக்கும்.

மாணவர்களுக்கு அவர் வைக்கும் பெயரெல்லாம் அவரவர் குறையை ஒட்டியது. காரணமில்லாமல் ஒலி எழுப்பும் பையன் 'ஹாரன் தம்பி'. கியர் மாற்றும்போது குனிந்து கியரையே பார்க்கும் வங்கி அதிகாரி 'குனிஞ்ச சார்'. எதிரே காகிதம் பறந்தாலும் பிரேக்கை மிதிக்கிற நான் 'பிரேக்கம்மா'. யாரையும் அதட்டமாட்டார். நான் நடுத்தெருவில் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் பத்து வண்டி கத்தும்போதும், "கத்தட்டும், அவங்களுக்கும் ஒரு நாள் வண்டி நின்னிருக்கும். சாவியைத் திருப்புங்க," என்பார். பேச்சு ஓயவே ஓயாது. வீட்டு விஷயம், வெளி விஷயம் எல்லாம் சிக்னலில்தான் சொல்வார். பச்சை விழுந்தால் பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்த சிவப்பில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இந்தக் கதையும் எனக்கு அப்படித்தான் சிக்னல் சிக்னலாகக் கிடைத்தது.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். ஃப்ரேம் எடுத்துக்கொடுத்து, காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, கம்பியை வளைத்துச் சரிசெய்யும் வேலை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே செங்கல் நிற லிப்ஸ்டிக் போடாமல் அவர் கடைப் படி ஏறியதில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"புதுக் கண்ணாடி போட்டதும் அவங்க மொதல்ல தெளிவாப் பார்க்கற முகம் என்னோடதுதானே? வருஷக்கணக்கா மங்கலாப் பார்த்துட்டு வர்றாங்க, பாவம். பார்க்கறது கொஞ்சம் நல்லா இருக்கட்டுமே."

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார் மருத்துவர். நடை திரும்பியது, பேச்சும் தெளிந்துவிட்டது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. வாயின் வலது ஓரம் ஒரு நூல் இறங்கி நின்றது. அந்த ஓரத்தில் எச்சில் கசிய, நாக்கால் நக்கி நக்கி உதடு வெடித்துத் தோல் உரிந்தது. பார்க்க வந்தவர்களிடம் "தூங்கறான்னு சொல்லிடுங்க" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கடை முதலாளியம்மா, உங்கள் இடத்தில் ஆள் போடவில்லை, எப்போது வருகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டபோது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இடக்கையால் தானே லிப்ஸ்டிக் போட்டுப் பார்த்திருக்கிறார். "என் இடக்கை எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். உதட்டுலயும் கோழிதான் கிண்டிச்சு," என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அப்போது சிரிக்கவில்லை. குழலை அலமாரியில் போட்டு மூடிவிட்டாராம்.

மாஸ்டர் சமாதானம் சொல்லப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். "லிப்ஸ்டிக் இல்லேன்னா என்ன இப்ப? நான்தானே உன்னைப் பார்க்கறேன். எனக்கு எப்படி இருந்தாலும் சரிதான்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். "நீங்க பார்க்கறதுக்குன்னு நான் ஒரு நாளும் போட்டதில்லையே. எனக்குன்னுதான் போட்டேன்."

இதைச் சொல்லும்போது சிக்னலில் பச்சை விழுந்தது. ஆனால் மாஸ்டர் "போங்க" என்று சொல்லவில்லை. பின்னாலிருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

மறுநாளே அவர் அலமாரியைத் திறந்து குழலை எடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் வளைவில் திருப்பக் கற்றுக்கொடுத்தவனுக்கு ஓர் உதட்டில் திருப்பத் தெரியாதா என்ற நம்பிக்கை. வெடித்த உதட்டின் மேலேயே அழுத்தித் தேய்த்தார். செதில் செதிலாக ஒட்டிக்கொண்டது. வலது ஓரம் இறங்கியிருக்கிறதே என்று அங்கே கொஞ்சம் மேலே ஏற்றி வரைந்தார். அது பொருந்தாததால் இடது பக்கத்தையும் ஏற்றினார். முடித்தபோது ஜாம் புட்டியில் வாயை விட்ட பிள்ளை மாதிரி இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அக்கா கையகலக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "துடைச்சிடுங்க," என்றார். அவ்வளவுதான்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல, பிரேக்கம்மா. 'துடைச்சிடுங்க'ன்னு சும்மா சொன்னா பாருங்க..." என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் எனக்கு ஓரமாக வண்டி நிறுத்தும் பாடம். ஊரில் எவ்வளவோ தெரு இருக்க, அழகுப்பொருள் கடை வாசலில்தான் நிறுத்தச் சொன்னார். "நீங்க நிறுத்திப் பழகுங்க, இதோ வந்துடறேன்" என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் முன்னும் பின்னும் எடுத்து, நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கி, களைத்து உட்கார்ந்திருந்தேன். வரும்போது முன்கை முழுக்கச் சிவப்பும் ரோஜாவும் பழுப்புமாகக் கோடுகள். அன்று மாலை ஹாரன் தம்பி அதைப் பார்த்து, "மாஸ்டர், யார் பிறாண்டினது?" என்று பதறினானாம்.

கடைப்பெண் நல்ல பெண். சிரிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதை அவர் என்னிடம் ஒப்பித்தார். எனக்கும் அதெல்லாம் தெரியாது. தலை சீவுவதே பெரிய பாடு என்றிருப்பவள் நான்.

"மொதல்ல உதட்டை ஆத்தணுமாம். உரிஞ்ச உதட்டுல எந்தக் கலரும் நிக்காதாம். நக்கவே கூடாது, நக்க நக்கத்தான் காயுமாம். தோலைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுன்னு தண்ணியில துணியை நனைச்சு, குழந்தைக்கு வாய் துடைக்கற மாதிரி லேசா ஒத்தி எடுக்கணும். படுக்கப் போறப்ப லிப் பாம். காலையிலயும் லிப் பாம் தடவி, நீங்க டீ போட்டு ஆத்தற நேரம் ஊற விட்டு, மேல நிக்கற பிசுக்கை ஒத்தி எடுத்துட்டுத்தான் கலர். ரோடு போடாம எப்படி வண்டி விடறது, சொல்லுங்க?"

பழகுகிறவர்கள் சொந்த உதட்டின் நிறத்துக்குப் பக்கத்து நிறமாக எடுத்தால், கோடு தப்பினாலும் தெரியாது என்று அவளே ஒரு வெளிர் நிறம் பொறுக்கிக் கொடுத்திருந்தாள். அக்கா அதற்கு 'எல் போர்டு கலர்' என்று பெயர் வைத்தார். வீட்டில் பெயர் வைப்பது மாஸ்டர் மட்டுமல்ல.

உதடு ஆறும்வரை அவர் தன் உதட்டிலேயே பழகினார். அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில் பார்சல் கொண்டுவருபவர் மணியடித்துவிட்டார். மாஸ்டர் போய்க் கதவைத் திறந்தார். மீசைக்குக் கீழே பளபளவென்று ரோஜா நிறம். வந்தவர் பார்சலைப் பார்ப்பதா, முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நிற்க, மாஸ்டர் நிதானமாக, "கையெழுத்து எங்க போடணும்?" என்றார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியதாம். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பார்சல்காரருக்கு அது யார் சிரிப்பு என்று தெரியாது. மாஸ்டரின் கையெழுத்துக் கிடைத்ததும் படியிறங்கி ஓடிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா படுக்கையிலிருந்து மேஜைக்கு வந்தார். இப்போது அவர் ஆசிரியை, இவர் மாணவர். கணவர் மாணவர்களிடம் சொல்லும் வார்த்தைகளையெல்லாம் இத்தனை காலமாகக் கேட்டவராயிற்றே, அத்தனையையும் திருப்பிக்கொடுத்தார். "ஓரம், ஓரம்! ஓரம் பார்த்துப் போங்க." "வளைவு வருது, மெதுவா." "அவ்வளவு அழுத்தம் எதுக்கு? தொட்டாப் போதும்." நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும், ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் ஓரத்தில் அப்பிவிடும். ஒரு பூச்சு போட்டு, மெல்லிய காகிதத்தை உதடுகளுக்கிடையில் வைத்து ஒத்தி எடுத்து, மறுபடி மெல்லியதாக ஒன்று. பல்லில் ஒட்டாமலிருக்க, ஆள்காட்டி விரலை உதட்டில் கவ்வி வெளியே இழுத்துவிடவேண்டும். அதிகமாக இருப்பது விரலோடு வந்துவிடும். மாஸ்டருக்கு இதில்தான் பெரிய ஆச்சரியம். "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன், இது எதுவுமே தெரியாது பாருங்க. ஏதோ சட்டுன்னு பூசிட்டுக் கிளம்பறான்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

வலது ஓரம் மட்டும் அவருக்கு வசப்படவே இல்லை. இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட வேண்டும் என்ற பிடிவாதம் விடவில்லை. உதடு இல்லாத இடத்தில் வரைவார், துடைப்பார், மறுபடி வரைவார். துடைத்துத் துடைத்து அந்த இடம் கன்றிப்போயிற்று. ஒரு காலை நான் கூடத்தில் இருக்கும்போதே அக்கா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி பண்ணப் பார்க்காதீங்க."

"இல்லம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம்..."

"உதடு எங்க இருக்கோ அங்க போடுங்க. இறங்கியிருந்தா இறங்கின இடத்துல போடுங்க. இதுதான் இப்ப என் வாய்."

மாஸ்டர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்; துடைக்க அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டு, மறுபடி முழங்கையை ஊன்றினார். அன்று முதல்முறையாகக் கோடு ஒரே இழுப்பில் போய்ச் சேர்ந்தது. அக்கா கையகலக் கண்ணாடியில் பார்த்தார். இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தார். வாயைக் குவித்து, விரித்து, எனக்கு ஒரு முறை பல்லைக் காட்டினார். "எல் போர்டை எடுத்துடலாம். அந்தச் செங்கல் கலரைக் கொண்டாங்க," என்றார்.

கடை முதலாளியம்மா இன்னும் ஆள் போட்டிருக்கவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய நாளில் காரை ஓட்டியது நான். மாஸ்டர் என் பக்கத்தில், அக்கா பின்னிருக்கையில். வழியெல்லாம் மாஸ்டர் பேசாமல் வந்தது எனக்கே பயமாக இருந்தது. கடை வாசலில் அக்கா இறங்கி, கண்ணாடிக் கதவை இடது தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் போயிருக்கலாம். "வண்டி சூடாயிடுச்சு, கொஞ்சம் நிக்கட்டும்," என்றார் மாஸ்டர். வண்டி சூடாகவில்லை.

வெளியிலிருந்தே பார்த்தோம். கனத்த உடம்புள்ள முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா இடக்கையால் ஃப்ரேமை எடுத்து, குனிந்து அவர் காதில் மாட்டினார். முதியவர் கண்ணைச் சுருக்கி, விரித்து, நேர் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். மாஸ்டரின் கை காரின் கதவுப்பிடியில் இருந்தது. முதியவர் ஏதோ சொன்னார். அக்கா ஏதோ சொன்னார். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க, அக்கா கம்பியை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி வளைக்கத் தொடங்கினார்.

மாலையில் அழைத்துவரப் போனபோது மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?"

"காதுக்குப் பின்னாடி இறுக்குதுன்னார்."

"வேற?"

"வேற என்ன? தளர்த்திக் கொடுத்தேன். போட்டுட்டுப் போயிட்டார்." அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "ஒண்ணுமே சொல்லலைங்க!"

ஓட்டுநர் தேர்வில் நான் முதல் தடவை தேறவில்லை. எதிரே ஒரு புறா நடந்து போயிற்று, பிரேக்கைப் போட்டுவிட்டேன். இரண்டாம் தடவை புறா வரவில்லை. போன வாரம் உரிமத்தைக் காட்ட அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. ஹாரன் தம்பி தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அக்கா தயாராகிவிட்டார், செங்கல் நிறம் கச்சிதமாக அமர்ந்திருந்தது. மாஸ்டர் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் பையுமாகக் கதவருகே இருந்தார்.

"ஒரு நிமிஷம் இங்க வாங்க," என்றார் அக்கா. "ஜன்னலைத் திறந்து வெச்சு நாளெல்லாம் காத்துல பேசிப் பேசி, உங்க உதட்டைப் பாருங்க, பாளம் பாளமா வெடிச்சிருக்கு."

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? பையன் காத்திருக்கான்."

அக்கா லிப் பாம் டப்பாவை இடக்கையில் பிடித்து, மடியிலிருந்த வலது கையின் மோதிர விரலை அதற்குள் தோய்த்தார். பிறகு அந்தக் கை எழுந்தது. மேஜை விளிம்பைத் தாண்டியது, நடுங்கியது, நெஞ்சு உயரத்துக்கு வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றது.

மாஸ்டர் பையைக் கீழே வைத்தார். சாவியை அதன் மேல் வைத்தார். அந்தப் பெரிய உடம்பை மடக்கி நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு, உதட்டைக் குவித்து, விரல் நின்ற உயரத்துக்குத் தன் முகத்தை இறக்கினார்.